மதினி மாட்டாத ஸ்பேசர்

மதினி, இன்று காலை கம்பி பிரஷ்ஷை வைத்து ஒரு காரின் ஹப்பை, அந்தச் சக்கரம் உட்காரும் இரும்புக் குடத்தை, தேய்த்துக்கொண்டிருந்தேன். உப்பளத்துப் பக்கம் ஓடுகிற வண்டி. சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே துரு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அந்தத் தூள் மூக்கில் ஏறினால் ஈர இரும்பு வாசம் ஒன்று வருமே, அது வந்தது. கை தானாக நின்றுவிட்டது. "அந்த ஓரத்துல இன்னும் இருக்கு, கொழுந்தனாரே" என்று பின்னாலிருந்து நீங்கள் சொல்வீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கம்ப்ரஸர்தான் இருந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்குப் போகமாட்டேன் என்கிறது.

கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். எனக்குக் கோபம் வருவதற்கு ஆள் வேண்டாம், காரணமும் வேண்டாம் என்று நீங்களே அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து, நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஓரத்தையும் தேய்த்தேன். உண்மையிலேயே துரு இருந்தது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு ஒரே கவலை. நாசரேத்துப் பெண், மெக்கானிக்கல் டிப்ளமோ வேறு. "படிச்ச பிள்ளை, குசினிப் பக்கம் எட்டிப் பாப்பாளோ என்னமோ" என்று புலம்பினாள். குசினிக்கும் சமைக்க வந்தீர்கள். ஆனால் அண்ணன் மறுபடி கப்பலேறிய மூன்றாம் நாள் முத்தையாபுரத்தில், திருச்செந்தூர் ரோட்டோரம், நானும் அவனும் போட்டிருந்த பங்சர் கடைக்கும் வந்து நின்றீர்கள். ஜாக்கியில் நின்ற ஒரு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கட்டை எங்க?" என்று கேட்டீர்கள்.

"என்ன கட்டை?"

"பின் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்குற கட்டை. வண்டி உருண்டு வந்தா நீங்க என்ன, நெஞ்சைக் குடுப்பீங்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பத்து வருஷமாக ஜாக்கி போடுகிறவனிடம் நேற்று வந்த மதினி கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கு உங்களோடு பேசவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்தபோது, பனங்கட்டையில் சரிவாக வெட்டிய இரண்டு முட்டுக்கட்டைகள் மேசையடியில் இருந்தன. யார் வெட்டியது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை வைத்துத்தான் இன்றைக்கும் வேலை நடக்கிறது.

துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் உங்களைக் கண்டதும் கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஆம்பளை யாரும் இல்லையா?" என்பார்கள். "ஆம்பளை டீ குடிக்கப் போயிருக்காவ. வேலை தெரிஞ்ச ஆளு இங்கன இருக்கு, என்ன வேணும்?" என்பீர்கள். ஒருநாள் நான் டீக்கடையிலிருந்து வரும்போது இதைக் கேட்டுவிட்டேன். அந்த லாரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரு வாரம் டீ குடிக்கவே வெளியே போகவில்லை.

பங்சர் கடையைச் சக்கரக் கடையாக மாற்றியது நீங்கள்தான். வீல் அலைன்மென்ட் வந்தது, அலாய் வீல் வந்தது. அலாய் வந்த பிறகுதான் ஸ்பேசர் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. "சக்கரம் வெளியே தள்ளி நிக்கும்க்கா, வண்டி பாக்கக் கெத்தா இருக்கும்" என்பார்கள். நானாயிருந்தால், போய்யா என்று விரட்டியிருப்பேன், இல்லையென்றால் கேட்டதை மாட்டி அனுப்பியிருப்பேன். நீங்கள் அந்த அலுமினிய வட்டத்தை மேசைமேல் வைத்து, அவனை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள்.

"இது சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவுல உக்காருற தட்டு. தட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளிய போவும். அதே அளவுக்கு, போல்ட்டுல நட்டு பிடிக்குற மரையும் குறைஞ்சு போவும். மிச்சம் எத்தனை சுத்து ஏறுதுன்னு எண்ணணும். ஏழெட்டு முழு சுத்து ஏறலைன்னா நீளமான போல்ட் மாத்தாம நான் மாட்ட மாட்டேன். நீ வேற கடைக்குப் போனாலும் எண்ணச் சொல்லு."

வேறு கடைக்குப் போகவும் நீங்களே வழி சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்ணி முடித்தாலும் விடமாட்டீர்கள். தட்டின் நடு ஓட்டை, ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் மூக்கில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். இடப்பக்கம் என்ன தடிமனோ அதேதான் வலப்பக்கமும். ஒரு தட்டு போதவில்லை என்று இரண்டை அடுக்கச் சொன்னவனை, "அடுக்குறதுக்கு இது இட்லித்தட்டு இல்ல" என்று அனுப்பிவிட்டீர்கள். மாட்டியான பிறகு, பக்கத்து உப்புக் குடோன் கிட்டங்கியிலிருந்து நான்கு மூட்டைகளை வாங்கிவரச் சொல்லிப் பின்சீட்டில் ஏற்றுவீர்கள். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்து, சக்கரம் எங்கேயாவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். "சீட்டெல்லாம் உப்பாகுதேக்கா" என்று வண்டிக்காரன் அழுவான். "குடும்பத்தை ஏத்துன பொறவு உரசுறதுக்கு, உப்பை ஏத்தும்போதே உரசட்டும்" என்று வண்டிக்கடியிலிருந்து பதில் வரும்.

அதற்குமேல் ஒரு சட்டம். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வண்டி திரும்பவும் கடைக்கு வரவேண்டும், நட்டு ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்கவேண்டும். "கல்யாணம் முடிஞ்சா மறுவீடு வரணும்லா? இதுவும் அப்படித்தான்" என்பீர்கள். வராதவனுக்கு நீங்களே போன் போட்டு, "என்ன மாப்பிள்ளை, மறுவீட்டுக்கு ஆளைக் காணோம்?" என்று கேட்டு வரவழைத்துவிடுவீர்கள். துறைமுக ஆபீசர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஸ்வீட் பெட்டியோடு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? மறுவீட்டுக்கு வெறுங்கையோடு வரலாமா என்று கேட்டார்.

நமக்குள் சண்டை என்று வந்தால் அது கிரீஸ் பற்றித்தான். எங்கள் அப்பா விசைப்படகு எஞ்சின் பார்த்தவர். கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் இரும்பு எதுவும் கிரீஸ் பூசாமல் அவர் கையைவிட்டுப் போகாது. கதவுக் கீலுக்குக் கிரீஸ், கிணற்றுக் கப்பிக்குக் கிரீஸ், மாதா கோயில் கொடிமரத்துக் கப்பிக்கும் வருஷாவருஷம் அவர்தான் கிரீஸ். எனக்கும் அதே கை. நட்டைத் தொட்டால் அடுத்த கை கிரீஸ் டப்பாவுக்குள் போகும். கடற்கரையில் பிறந்தவன் எவனும் இதைத் தப்பு என்று சொல்லமாட்டான்.

"படகுக்குச் சரி தம்பி, சக்கரத்துக்கு ஆகாது" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்! "இங்கன சக்கரத்தைப் பிடிச்சிருக்கதே இறுக்கம்தான். காய்ஞ்ச மரைக்குத்தான் எவ்வளவு இறுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கான். கிரீஸ் போட்டா நட்டு வழுக்கிக்கிட்டுப் போவும். கைக்குத் தெரியாமலே போல்ட்டை இழுத்துருவ. ஹப்பு மூக்குல மட்டும் லேசாத் தொட்டு வை, போதும். மத்த இடமெல்லாம் துருவைத் தேய்ச்சு எடு, காய்ஞ்ச துணியால தொடை."

டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்ததும் நீங்கள்தான். குறித்த அளவு இறுகியதும் அது 'டக்' என்று சொல்லும், அதற்குமேல் ஓர் இழுப்பும் கூடாது. எனக்கு அது அவமானமாக இருந்தது. என் கைக்குத் தெரியாத இறுக்கமா? நீங்கள் இருக்கும்போது ரெஞ்ச்சை எடுப்பேன். இல்லாதபோது வீல் ஸ்பேனரில் பைப்பைச் செருகி மேலே ஏறி நிற்பேன். இதையெல்லாம் இப்போது எழுதும்போது கூசுகிறது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுதாமல் தப்பிக்கத்தான் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சாத்தான்குளத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் கடை வைத்திருந்த ஓர் இளம் வியாபாரி. மலிவு விலைக்கு நல்ல அகலமான அலாய் நான்கு வாங்கியிருந்தார். முன்சக்கரம் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசியது. எட்டு மில்லி ஸ்பேசர் வைத்தால் விலகும் என்று நீங்கள் அளந்து சொன்னீர்கள். நட்டை எண்ணிப் பார்த்தால் ஐந்து சுற்றுதான் ஏறியது. "நீளமான போல்ட் வெள்ளிக்கிழமை வரும் அண்ணாச்சி, அதுவரைக்கும் பழைய சக்கரத்துலயே ஓட்டுங்க" என்று அலாயையும் ஸ்பேசரையும் கடையிலேயே வாங்கி வைத்துக்கொண்டீர்கள். பிறகு உங்கள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நாசரேத்துக்குப் போனீர்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வந்து நின்றார். மறுநாள் திருச்செந்தூரில் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும். "மச்சான் வாரார். புது வீல் போட்டாச்சுன்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். பழைய தகரத்தோட போய் நின்னா மானம் போயிரும். எப்பிடியாவது மாட்டித் தாங்க" என்று கெஞ்சினார். மச்சான் என்றால் பிள்ளையின் தாய்மாமன், மடியில் உட்காரவைத்துக் காதுகுத்துகிறவர். என்னிடம் ஓர் ஆள் கெஞ்சினால் நான் பெரிய ஆளாகிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். "அதுக்கென்ன அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல முடிச்சிருவோம்" என்றேன்.

துருவைத் தேய்க்கவில்லை. கிரீஸ் மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஹப்பிலும், தட்டின் இரண்டு முகத்திலும், போல்ட் மரை முழுவதும் வழித்துப் பூசினேன். சுற்று எண்ணவில்லை. நட்டு வெண்ணெய் மாதிரி ஏறியது. பைப்பைச் செருகி ஏறி நின்றேன். அவர் பழைய சக்கரங்களைக் கடையிலேயே போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் நீங்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது எட்டரை இருக்கும். தோளில் பை அப்படியே இருந்தது. அலமாரியில் ஸ்பேசர் பெட்டி காலியாக இருந்ததைப் பார்த்தீர்கள்.

"எங்க அது?"

"நேத்தே முடிச்சிட்டேன் மதினி. நல்லா கிரீஸ் போட்டு, இறுக்கி, ஜம்முன்னு அனுப்பிட்டேன். அவங்க இப்ப திருச்செந்தூருக்குக் கிளம்பியிருப்பாங்க."

"எத்தனை சுத்து ஏறுச்சு?"

நான் கைத்துணியைத் தேட ஆரம்பித்தேன். நீங்கள் பையை இறக்கிக்கூட வைக்காமல் அவருக்குப் போன் போட்டீர்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அழுகையை நிறுத்த போனைப் பிள்ளை கையில் கொடுத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று தடவை போட்டீர்கள். "பழைய சக்கரம் நாலையும் வேன்ல ஏத்து. ஜாக்கி, ரெஞ்ச், கட்டை எல்லாம் எடு" என்றீர்கள். குரல் உயரவில்லை. நீங்கள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தப் பயணத்தை நான் எப்படி மறப்பேன்? நான்தான் ஓட்டினேன். ரோட்டோரம் நான்கு பேர் கூடி நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். பழையகாயல் தாண்டும்போது ஒரு கார் கவிழ்ந்து கிடக்கிறதென்று நினைத்து "சேசுவே!" என்று கத்திவிட்டேன். வைக்கோல் வண்டி. நீங்கள் கண்ணை மூடவில்லை, வாய்க்குள் ஜெபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "மதினி, ஃப்ரீ செக்கப்புன்னு சொல்லிருவோம். தப்புன்னு சொன்னா கடைப் பேரு கெட்டுப் போவும்" என்றேன். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே, "முதல்ல அவங்க உசுரோட கிடைக்கட்டும்" என்றீர்கள்.

முக்காணிப் பாலம் தாண்டி ஆத்தூரில், ஒரு வெற்றிலைக் கடை வாசலில் அந்தக் கார் நின்றது. காதுகுத்துத் தட்டில் ஆத்தூர் வெற்றிலைதான் வைக்கவேண்டும் என்று தாய்மாமன் பிடிவாதமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கவுளி கவுளியாக வெற்றிலைக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேரம் மட்டும் சீக்கிரம் முடிந்திருந்தால்! பிள்ளையோடு சேர்த்து ஏழு பேர். பிள்ளைக்குச் சுருட்டை முடி, அம்மா மடியில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஸ்டீயரிங் லேசா ஆடுச்சுக்கா, காத்து குறைவோன்னு நெனச்சேன்" என்றார் பிள்ளையின் அப்பா.

"வண்டியை எடுக்காதீங்க அண்ணாச்சி. சக்கரம் சரியா மாட்டலை. தப்பு எங்க மேல. எல்லாரும் இறங்குங்க."

பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு முன்னால் இடப்பக்கத்தைத் தொட்டீர்கள். இரண்டு நட்டு ஸ்பேனரே இல்லாமல் விரலுக்குச் சுழன்றது. உள்ளே துரு பொடிந்து கிரீஸோடு சேறாகக் கிடந்தது. ஒரு போல்ட்டில் மரை இழுபட்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். தாய்மாமன் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"யாரு மாட்டுனது இதை?"

நான் வாயைத் திறந்தேன், அதற்குள் நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய், மதினி. நான் வாயைத் திறக்கவேயில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் அண்ணாச்சி" என்றீர்கள்.

"நெனச்சேன். பொம்பளை வீல் மாட்டுனா இப்படித்தான் நடுரோட்டுல நிக்கும். வீட்ல சோறாக்குறதை விட்டுட்டு உனக்கு எதுக்கு இந்த வேலை? ஏழு உசுரு! உனக்கு யாரு ஸ்பேனரைக் கையில குடுத்தது?"

நிறுத்தவில்லை அவர். வெற்றிலைக் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். நீங்கள் "ஆமா அண்ணாச்சி, தப்புதான் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "முகூர்த்தம் தப்பிரக் கூடாது. எங்க வேன்ல ஏறுங்க. தம்பி கூட்டிட்டுப் போவான். நீங்க வாரதுக்குள்ள வண்டி ரெடியா இருக்கும்" என்றீர்கள். அவர் திட்டியதைவிட நீங்கள் சொன்னது சீக்கிரம் நடந்தது. ஐந்து நிமிஷத்தில் ஏழு பேரும் வேனில் இருந்தார்கள்.

திருச்செந்தூர் வரைக்கும் அவர் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் கியர் மாற்றிக்கொண்டே வந்தேன். மொட்டை போட்டார்கள், பிள்ளையை மாமன் மடியில் வைத்துக் காதுகுத்தினார்கள், அது வீறிட்டு அழுததும் அந்த மனிதர் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். மண்டபத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடச் சொன்னார். "நீ நல்ல பயலா இருக்க. எதுக்கு அந்தப் பொம்பளைகிட்டக் கிடந்து சீரழியுத? தனியாக் கடை போடு, நாங்கெல்லாம் வாரோம்" என்று எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன், மதினி. பாயசத்தையும் குடித்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது நீங்கள் வெற்றிலைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தீர்கள். காலையிலிருந்து அதுதான் சாப்பாடு. பக்கத்து ஒர்க்ஷாப்பில் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஒரு போல்ட்டை மாற்றி, பழைய சக்கரம் நான்கையும் மாட்டி, ரெஞ்ச் வைத்து முடித்திருந்தீர்கள். அலாய் நான்கும் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன. தாய்மாமன் உங்கள் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினார். கடைக்கு மறுபடி வந்து காட்டும்படி நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

வேனில் திரும்பும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"அந்த நேரத்துல அவங்க வண்டியை விட்டு இறங்கணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். திட்டுறதுக்கு அவங்களுக்கு ஒரு ஆளு வேணும், குடுத்தேன். யாரு தப்புன்னு நாம ரெண்டு பேரும் அங்கன நின்னு வாதாடிக்கிட்டு இருந்தா, சரிதான் போங்கன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிருப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது, எங்கயாவது நிப்பாட்டு" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. மறுநாள் கிரீஸ் டப்பா பரண்மேல் ஏறியிருந்தது, ஏணியைக் காணவில்லை. அது ஒன்றுதான் நீங்கள் கொடுத்த தண்டனை.

ஆனால் ஊர் விடவில்லை. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கமெல்லாம் "முத்தையாபுரத்துல பொம்பளை வீல் மாட்டுற கடை, ஆத்தூர்ல கழண்டு போச்சாம்" என்று பேச்சு பரவியது. அந்தப் பக்கத்து வண்டிகள் நின்றன. சிலர் வந்து, "அந்தம்மா தொடக்கூடாது, நீ மாட்டு" என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்று, என் கை நட்டைச் சுற்றுவதைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்பீர்கள், எத்தனை சுற்று என்று. ஒருநாள் ஒரு டிரைவர் அதையே கிண்டலாகச் சொன்னபோது அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். நீங்கள் வந்து விலக்கிவிட்டீர்கள். அடிக்கத் தெரிந்த எனக்கு, மாட்டியது நான்தான் என்று சொல்ல மட்டும் தெரியவில்லை.

கடைசியில் நோயோடு ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்த மூன்று மாதத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் பஸ் ஏறுவேன். என்னைக் கண்டதும் நீங்கள், "அந்த உப்பு கம்பெனி வண்டி திரும்ப வந்துச்சா? நட்டெல்லாம் பாத்தியா?" என்று கேட்பீர்கள். மூச்சு வாங்கும், ஆனாலும் கேட்பீர்கள். எந்த நோயாளி நட்டைப் பற்றிக் கேட்பாள்? பாத்தேன் மதினி, எல்லாம் சரியா இருக்கு என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன இளநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் அந்தத் தாய்மாமன் வந்தார். தலை நரைத்திருந்தது. புதிய கார். அகலமான வீல் போட்டு, அதற்கு ஸ்பேசர் வேண்டும் என்றார். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"அந்தம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பாவம். ஆனா ஒண்ணு, இனிமே தைரியமா வண்டியை விடலாம்லா" என்று சிரித்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஆத்தூர்ல பாத்த சக்கரத்தை மாட்டுனது நான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "நான் மாட்டும்போது மதினி ஊர்லயே இல்ல. மாட்டக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. நான்தான் கேக்காம மாட்டினேன். திரும்பி வந்து விஷயம் தெரிஞ்ச உடனே உங்களைத் தேடி ஓடி வந்தாங்க. நீங்க பேசினதெல்லாம் நான் வாங்கிக்கட்ட வேண்டியது."

அவர் பக்கத்திலிருந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். "எவ்வளவு பேசினேன்... அத்தனை பேரு முன்னாடி" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்ல, இதை அந்தம்மா இருக்கும்போது சொல்லதுக்கு என்ன? ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேட்டிருப்பேம்லா" என்றார்.

அவர் எழுந்து வந்து, சாவியை மேசைமேல் வைத்தார். "மாட்டு. அந்தம்மா எப்பிடி மாட்டுவாங்களோ அப்பிடி மாட்டு."

மாட்டினேன். எதையும் விடவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அவரிடம் சொல்லாத பதிலை உங்களிடம் சொல்கிறேன். எனக்குப் பயம், மதினி. கையெல்லாம் பலம், வாயெல்லாம் கோபம், உள்ளே பூராவும் பயம். நான் இதுவரை பார்த்த மனிதர்களில் நீங்கள் ஒருவர்தான் அப்படி இல்லை.

இப்போது யார் ஸ்பேசர் கேட்டு வந்தாலும் முதலில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன். தப்பு செய்தவன் நான், பழியைச் சுமந்தவர் என் மதினி என்று பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன். நேற்று ஒருவர் கேட்டு முடித்ததும், "அப்ப நீதானா அது?" என்று சாவியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும். இத்தனை வருஷம் உங்கள் பேரில் கிடந்ததை, கொஞ்சம் கொஞ்சமாக என் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.